இறக்கி வைக்க ஓர் இடம்

தமிழ்நாட்டின் பழைய சாலையோரங்களில் இன்னும் சில சுமைதாங்கிகள் நிற்கின்றன. ஆள் தோள் உயரத்துக்கு இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காகக் கிடத்தியிருப்பார்கள். தலையில் நெல்மூட்டையோ விறகுக்கட்டோ சுமந்து வருபவர் குனிய வேண்டியதில்லை. கைகொடுக்க ஆள் தேட வேண்டியதில்லை. சுமையை அப்படியே தலையிலிருந்து கல்லுக்கு நகர்த்திவிட்டு, மூச்சு வாங்கி, பிறகு கல்லிலிருந்து தலைக்கு ஏற்றிக்கொண்டு நடையைத் தொடரலாம். இவற்றில் பல, கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாக அவர்கள் வீட்டார் நட்டவை. சுமையை இறக்காமலே போய்ச் சேர்ந்த ஒருத்தியின் பேரால், முன்பின் தெரியாத வழிப்போக்கருக்குச் செய்து வைத்த உதவி.

அந்தக் கல்லை நட்டவர்களுக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருந்தன. சுமையைத் தூக்கி எறிந்துவிட முடியாது. அது சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் சுமப்பவரின் வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் நடுவழியில் சற்று நேரம் இறக்கி வைத்தால் மீதித் தூரத்தையும் நடந்துவிடலாம். இது முதலாவது. சுமப்பவரே சுமைதாங்கியையும் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. அதை வேறு யாராவது முன்கூட்டியே நட்டு வைத்திருக்க வேண்டும். இது இரண்டாவது.

மன அழுத்தத்தைப் பற்றி இன்று நாம் பேசுவதில் முதலாவது நிறைய இருக்கிறது. மூச்சை இழுத்து விடுங்கள், காலாற நடங்கள், நன்றாகத் தூங்குங்கள், மனம்விட்டுப் பேசுங்கள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன, வாட்ஸ்அப்பில் உறவினர்கள் அனுப்புகிறார்கள். இரண்டாவதை அநேகமாக யாரும் சொல்வதில்லை. நான் எழுத வந்தது அந்த இரண்டாவதைப் பற்றி. ஆனால் முதலாவதைக் குறைத்துப் பேசிவிட்டு அங்கே போக எனக்கு மனமில்லை. அந்த எளிய வழிகள் பொய்யில்லை. அவை உடம்புக்குள் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொண்டால், அவற்றைச் செய்ய ஒருவருக்கு வழியில்லாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதும் தெரியும்.

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன், பயமும் கோபமும் உடம்பில் செய்யும் மாற்றங்களைப் பற்றி 1915-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆபத்து என்று மனம் உணர்ந்த மாத்திரத்தில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைகிறது. வயிற்றுக்குப் போகும் இரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குப் பாய்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. எதிர்த்து நிற்கவோ, தப்பி ஓடவோ உடம்பு இப்படித் தயாராகிறது. 1936-இல் மாண்ட்ரியாலில் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் கண்டு சொன்னார். எலிகளுக்குக் குளிரோ, காயமோ, அளவு மீறிய ஓட்டமோ, எந்தத் துன்பம் வந்தாலும் உடம்புக்குள் நேரும் சேதம் ஒரே மாதிரி இருந்தது. அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோயெதிர்ப்போடு தொடர்புள்ள தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது.

புலியைக் கண்டு ஓடுகிறவருக்கு இந்த ஏற்பாடு உயிர் காக்கும். ஓடி முடித்ததும் எல்லாம் அடங்கிவிடும். மாதத் தவணை கட்டவில்லை என்று வரும் தொலைபேசி அழைப்புக்கும், மேலாளர் எல்லார் முன்னும் உயர்த்திய குரலுக்கும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் அதே ஏற்பாடுதான் கிளம்புகிறது. ஆனால் இங்கே யாரும் ஓடுவதில்லை, அடிப்பதுமில்லை. நாற்காலியிலோ கல்லாவுக்கு முன்னாலோ அசையாமல் இருந்தபடி எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்கிறோம். ஆபத்து முடிந்துவிட்டது என்ற சேதி உடம்புக்குப் போய்ச் சேர்வதில்லை. எளிய வழிகள் என்று சொல்லப்படுபவை எல்லாம் அந்தச் சேதியை அனுப்பும் வழிகள்தான்.

மூச்சு அவற்றில் முதன்மையானது. இதயத்தை மெல்லத் துடி என்று நம்மால் ஏவ முடியாது. இரைப்பைக்கும் உத்தரவு போட முடியாது. மூச்சோ தானாகவும் நடக்கும், நம் சொல்லையும் கேட்கும். உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது. வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் வழியாகச் சற்று தணிகிறது. ஆகவே வெளிவிடும் நேரத்தை நீட்டினால் தணியும் நேரமும் நீளும். நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். அடக்கிப் பிடிக்க வேண்டாம், வலிந்து இழுக்க வேண்டாம். ஐந்து நிமிடம் செய்தால் போதும். தோள்கள் தாமாக இறங்குவது தெரியும். தலை சுற்றினால் நிறுத்திவிடலாம்.

2001-இல் லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரும் அவருடைய குழுவினரும் 23 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கத்தோலிக்கர்கள் இலத்தீனில் ஜெபமாலை சொல்லும்போதும், யோகப் பயிற்சியில் மந்திரம் சொல்லும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. இதயத்தின் தாளமும் அதோடு ஒத்துச் சீர்ப்பட்டது. எந்தக் கடவுளை நினைத்துச் சொன்னாலும் மூச்சுக்கு அது ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு நடவு வயல் நினைவுக்கு வந்தது. குனிந்தபடியே நாள் முழுவதும் நாற்று நட்ட பெண்கள், ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் நீட்டி வாங்கிப் பாடினார்கள். நீட்டிப் பாடுவது என்றால் நீட்டி மூச்சு விடுவது. தொட்டிலை ஆட்டியபடி பாடிய தாலாட்டிலும் அப்படித்தான். பிள்ளை மட்டுமா அமைதியடைந்தது? பாடியவளும்தான் என்று நான் நம்புகிறேன். பண்பலை வானொலி பாடுவதைக் கேட்பதோடு இன்று பலர் நிறுத்திக்கொள்கிறோம். வீட்டில் யாராவது வாய்விட்டுப் பாடினால் தயவுசெய்து கேலி செய்யாதீர்கள்.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒன்று மட்டும் சொல்கிறேன். 1999-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், மனச்சோர்வு நோய் கண்ட, 50 வயதைக் கடந்த 156 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. சிலருக்கு மாத்திரை, சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்கு இரண்டும். 16 வாரங்களின் முடிவில் மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தன. மாத்திரை வேகமாக வேலை செய்தது. பயிற்சி மெதுவாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. நடை எவ்வளவு வலிமையானது என்பதற்காகவே இதைச் சொன்னேன். தூக்கத்துக்கும் ஒரு வரி: குடித்த காபியின் காஃபீனில் பாதி, சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் இரத்தத்தில் இருக்கும். மாலை ஆறு மணிக் காபி, இரவு பதினொன்றுக்கும் பாதி விழித்திருக்கிறது.

பச்சையைப் பார்ப்பதும் மருந்துதான். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-இல் ஒப்பிட்டுப் பார்த்தார். சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்த அறையில் 23 பேர், செங்கல் சுவர் தெரிந்த அறையில் 23 பேர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். சுவர் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆயிற்று. மரம் பார்த்தவர்களுக்கு வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

மூச்சு, நடை, தூக்கம், ஒரு மரம். இவை எல்லாம் காசு கேட்காதவை, யாரும் எப்போதும் செய்யலாம் என்று சொல்வது வழக்கம். அந்த வழக்கத்தோடுதான் எனக்கு உடன்பாடில்லை.

சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலோ, மதுரையிலோ, திருநெல்வேலியிலோ ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குள் போய்ப் பாருங்கள். நாம் உட்காரும்படி நாற்காலி போட்டிருப்பார்கள். நம் முன்னால் நாற்பது புடவைகளைப் பிரித்துப் போட்டு, மறுபடி மடித்து அடுக்கும் பெண் நின்றுகொண்டிருப்பாள். காலையில் கடை திறந்தது முதல் இரவு ஷட்டர் இறங்கும் வரை நின்றபடிதான். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது என்பது பல கடைகளில் எழுதாத சட்டமாக இருந்தது. இப்போதும் பல கடைகளில் இருக்கிறது. கேமரா பார்க்கும், சூப்பர்வைசர் பார்ப்பார். கால் நரம்பு சுருண்டு புடைக்கிறது, பாதம் வீங்குகிறது, இடுப்பு விட்டுப்போகிறது. தென்மாவட்டங்களிலிருந்து வந்து கடைக்காரர் கொடுத்த விடுதியில் படுத்து எழுந்து வேலைக்குப் போகும் இந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையை, வசந்தபாலன் 2010-இல் 'அங்காடித் தெரு' படத்தில் காட்டினார். நாம் பார்த்துவிட்டு வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அடுத்த தீபாவளிக்கு அதே கடைகளுக்குப் போனோம்.

அந்தக் கடைப் பெண்ணிடம் போய், மன அழுத்தமா, ஐந்து நிமிடம் கண்ணை மூடி மூச்சு விடம்மா என்று எப்படிச் சொல்வது? அவளுக்கு அந்த ஐந்து நிமிடம் சொந்தமில்லை. காலாற நடக்கச் சொல்லவும் முடியாது. அவளுடைய கால் கேட்பது நடையை அல்ல, ஒரு முக்காலியை.

கேரளத்தில் இதைப் பெண்களே எழுந்து கேட்டார்கள். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தையல் தொழில் செய்த பி. விஜி, கடைகளில் வேலை பார்க்கும் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கினார். அவர்களுடைய முதல் போராட்டம் கழிப்பறைக்காக. போக இடமில்லாததால், நாள் முழுவதும் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு வேலை செய்த பெண்கள் அவர்கள். அடுத்து உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தி அதைத் தந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு பின்தொடர்ந்தது. தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதா, 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு கடையிலும் எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும். வேலைக்கு இடையில் உட்கார வாய்ப்பு வரும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். நாள் முழுவதும் நின்றபடி இருக்கும் நிலை கூடாது. 22-அ என்ற அந்தப் பிரிவின் சாரம் இவ்வளவுதான்.

ஒரு மனிதர் கால் வலித்தால் உட்காரலாம் என்பதைச் சொல்ல ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது. அது கூடியதற்கு நான் நன்றி சொல்கிறேன். கடந்த நூறாண்டில் எத்தனை தலைமுறைப் பெண்கள் அந்தச் சட்டம் இல்லாமல் நின்றே வயதாகிப் போனார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஓய்வு நேரம் கேட்டுப் பெற வேண்டிய ஒன்றாக இருப்பது சென்னைக்குப் புதிதல்ல. 1918-இல் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள், திரு.வி.க. அதில் முன்னின்றார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்லும் அந்தச் சங்கத்தின் தொடக்கக் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. வாயில் போட்ட சோற்றை மென்று விழுங்க நேரம் கேட்டுத்தான் அவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். நூறாண்டுக்குப் பிறகு, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் ஒரு திருத்தம் அதே சென்னையில் நிறைவேறியது. எதிர்ப்பு வந்ததால் மே முதல் நாள் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். எட்டு மணி நேர வேலை என்பது யாரோ ஒரு காலத்தில் வாங்கித் தந்து முடித்துவிட்ட ஒன்று இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அழுத்தம் யாருக்கு அதிகம்? பெரிய பதவி, பெரிய பொறுப்பு, அதனால் பெரிய டென்ஷன் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. லண்டனில் 1967-இல் தொடங்கிய ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தது. அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த 17,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்தார்கள். உயர் நிர்வாக நிலையில் இருந்தவர்களைவிட, கதவருகில் நின்றவர்களும் கடிதம் சுமந்தவர்களும் அடங்கிய கடைசி நிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்தது சுமார் மூன்று மடங்கு அதிகம். புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி மிஞ்சியது. மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, காரணங்களில் முக்கியமான ஒன்றைக் காட்டியது. தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் தனக்குச் சொல் இல்லாதவருக்கு இதய நோய் அதிகம் வந்தது. வேலைப் பளுவோடு, அதை எங்கே எப்போது இறக்கி வைப்பது என்று தீர்மானிக்க முடியாத நிலையும் சேர்ந்தே மனிதரை அரிக்கிறது.

மன அழுத்தத்தைத் தனிமனிதரின் குணக்கோளாறாக மட்டும் காட்டுவதில் சிலருக்கு ஆதாயம் இருந்ததும் பதிவாகியிருக்கிறது. மேலே சொன்ன ஹான்ஸ் செல்யே பிற்காலத்தில் புகையிலை நிறுவனங்களிடம் ஆய்வுக்குப் பணம் பெற்றார். 1969-இல் கனடா நாடாளுமன்றக் குழுவின் முன் அவர்களுக்கு அனுகூலமாகவும் பேசினார். நோய்க்குக் காரணம் அழுத்தம் என்றால் சிகரெட் மேல் பழி விழாது. அழுத்தத்துக்கு ஆறுதல் சிகரெட் என்றால் விற்பனையும் நடக்கும். வழக்குகளின் வழியாக அந்த நிறுவனங்களின் உள் ஆவணங்கள் வெளிவந்தபோதுதான் இது உலகுக்குத் தெரிந்தது. பெரிய விஞ்ஞானி அவர். அவருடைய 1936-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு இதனால் பொய்யாகிவிடாது. ஆனால் 'மனதைச் சரிசெய்துகொள்' என்ற அறிவுரை வரும்போது அதைச் சொல்பவர் யார், எதை மாற்றாமல் இருப்பதற்காகச் சொல்கிறார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு ஆண்டுக்கு ஒரு நாள் தியான வகுப்பு நடத்தும் அலுவலகத்தைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

அலுவலகத்தைச் சொல்லிவிட்டு வீட்டைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2019-இல் மத்திய புள்ளியியல் துறை எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்கு 299 நிமிடம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் அடுப்படி மேடையோரமாக நின்றபடியே சாப்பிடும் அம்மாக்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எரிச்சல் வந்தால், 'அவளுக்கு எப்பவும் டென்ஷன்' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அவளுக்கு நாம் தரக்கூடிய மிகச் சிறந்த மன அழுத்த மருந்து, இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களை நாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவளை உட்காரச் சொல்வது. சேர்ந்து சாப்பிடும் பழக்கம் வந்துவிட்டால் இன்னும் நல்லது.

உட்கார இடம் கிடைத்தவருக்குப் பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். எளிய வழிகளிலேயே மிக எளியதும் மிக அரிதாகிப்போனதும் இதுதான்.

உள்ளே கிடப்பது வெளியே வந்தால் உடம்பு இலேசாகிறது. உளவியல் ஆய்வாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் மாணவர்கள் சிலரை, தங்கள் வாழ்வின் மிக வேதனையான அனுபவத்தை நாளுக்கு 15 நிமிடமாக நான்கு நாள் எழுதச் சொன்னார். எழுதிய நாட்களில் அவர்களுக்கு வருத்தம் கூடியது. ஆனால் நிகழ்ந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாக மருத்துவரிடம் போனார்கள். எழுத்தறியாத நம் பாட்டிகளுக்கு இதே வேலையை ஒப்பாரி செய்தது. துக்க வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்துப் பாடும்போது, செத்தவரின் பெருமையோடு நிற்பதில்லை. புகுந்த வீட்டில் பட்டது, பிறந்த வீடு கைவிட்டது, பிள்ளை கவனிக்காதது என்று பாடுபவளின் சொந்தத் துயரமும் அதில் ஏறும். ஊர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாது. மற்ற நாளில் வாய் திறந்து சொல்ல முடியாததை அன்றைக்குச் சொல்ல இடம் கொடுத்த ஏற்பாடு அது. துக்க வீட்டில் இப்போது ஒலிபெருக்கியில் பதிவுசெய்த பாட்டு ஓடுகிறது. அழ வந்த பெண் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதை நாகரிகம் என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

லண்டனில் 1953-இல் சாட் வாரா என்ற பாதிரியார், சாகத் துணிந்தவர்கள் பேச ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். கூட்டம் வந்தது. அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்கு உதவியாளர்கள் தேநீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பயிற்சி பெற்ற பாதிரியாரிடம் போகாமலே, அந்தத் தேநீரோடு மனம் தேறிப் பலர் திரும்பிவிடுவதை வாரா கவனித்தார். 1954 பிப்ரவரியில் கேட்கும் பணியை அந்தத் தொண்டர்களிடமே ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் இயக்கம் அப்படி உருவானது. கேட்பதே தொண்டு என்ற அதே வழியில், 1986-இல் சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சிநேகா' என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கினார்.

ஜிம்பாப்வேயில் நடந்தது இன்னும் பக்கத்தில் வந்து தொடுகிறது. நாடு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய மனநல மருத்துவர்களே இருந்த காலத்தில், அவர்களில் ஒருவரான டிக்சன் சிபாண்டாவிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். மருத்துவமனைக்கு வரப் பேருந்துக்குப் பணம் இல்லை என்று அவளுடைய தாய் சொன்னார். மருத்துவமனைக்கு வர முடியாதவர்களுக்காக அதைத் தெருவுக்குக் கொண்டுபோவது என்று சிபாண்டா முடிவு செய்தார். 2006-இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமார்களோடு வேலை தொடங்கியது. சுகாதார நிலையத்து வாசலில் மரத்தடியில் ஒரு மர பெஞ்சு. ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். மனம் கனத்து வருபவர் அருகில் அமர்ந்து சொல்லலாம். பாட்டி முழுவதும் கேட்டுவிட்டு, இருக்கும் பிரச்சினைகளில் முதலில் எதைத் தீர்ப்பது, அதற்கு நாளைக்கு என்ன செய்வது என்று அவரையே சொல்ல வைப்பார். 573 பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்த முடிவு 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட பெஞ்சில் அமர்ந்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் மிகக் குறைவாக இருந்தன.

ஒரு பெஞ்சு, ஒரு பாட்டி, ஒரு மரம். நம் தெருக்களில் திண்ணை இருந்தது, பாட்டியும் இருந்தார். திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்தோம். அந்தத் திண்ணையில் சாதி இருந்தது, எல்லாரும் ஏறி உட்கார முடியாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பழைய திண்ணை அப்படியே திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் உட்காரக்கூடிய பெஞ்சுகளை நாம் இப்போதுதான் போட வேண்டும். பேருந்து நிறுத்தத்தில், நூலக வாசலில், அரசு மருத்துவமனை வளாகத்தில், நியாயவிலைக் கடை முன்னால். அவை அழகுக்காகப் போடும் அலங்காரம் அல்ல, பொதுச் சுகாதாரச் செலவு.

கேட்கும்போது செய்யக் கூடாதவை சில உண்டு. 'எனக்கு நடந்ததைக் கேட்டால்...' என்று தன் கதையைத் தொடங்கக் கூடாது. 'இதுக்கெல்லாமா' என்று சொல்லக் கூடாது. உடனே தீர்வு சொல்ல வாயெடுக்கக் கூடாது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் நிறுத்தினால் நாமும் சற்றுச் சும்மா இருந்து, 'அப்புறம்?' என்று மட்டும் கேட்டால் போதும். உயிரை விட்டுவிடலாம் போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதைப் பற்றி நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. அவரைத் தனியாக விடக் கூடாது.

கடை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இருக்கை தருவது 2021 முதல் சட்டம். நாற்காலி வாங்கி மாடியில் அடுக்கி வைத்திருந்தால் போதாது, உட்கார்ந்தால் திட்டக் கூடாது என்று சூப்பர்வைசருக்கும் சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளர்களிடமும் ஒன்று. புடவை எடுத்துக் காட்டும் பெண்ணிடம், 'நாங்க பார்த்துக்கிட்டிருக்கோம், நீ கொஞ்சம் உட்காரும்மா' என்று கடைக்காரர் காதில் விழும்படி சொல்லுங்கள். வாங்க வந்தவர்கள் கேட்டால் கடை கேட்கும். உடன் வேலை செய்பவர்கள், வீட்டில் உங்களை நம்பி இருப்பவர்கள் ஆகியோரில் யாருக்கு உங்களால் ஐந்து நிமிடம் தர முடியும் என்று யோசித்து, அதை நாளைக்கே கொடுங்கள்.

மூச்சும் நடையும் பேச்சும் சேர்ந்தும் சில நேரம் போதாமல் போகும். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ பசியோ குலைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் மனம் இருண்டே கிடந்தால், அது மன உறுதி இல்லாததால் வந்தது அல்ல, நோய். சிகிச்சை உண்டு. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.